ஊரையே பாடமாக்கும் படிப்பு: திருத்தணியிலிருந்து பார்த்தால் பி.ஏ.

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் போடும் கணக்கில் மருத்துவமும் பொறியியலும் முதலிடத்திலும், பி.காம்., கணினி அறிவியல் முதலியவை அடுத்த இடத்திலும் நிற்க, வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் ஆகிய பாடங்களில் பெறப்படும் பி.ஏ. பட்டம் வேறெதுவும் கிடைக்காதவர்களுக்கு உரியதாகக் கடைசியில் ஒதுக்கப்படுவது நெடுநாள் வழக்கம். ஆனால் 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இளங்கலை பயில்வோரில் 34.2 விழுக்காட்டினர் பி.ஏ. உள்ளிட்ட கலைப் பிரிவில் இருந்தனர். பொறியியல், தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவர்கள் 11.8 விழுக்காட்டினரே. இத்தனை பேர் பயிலும் படிப்பு எதைக் கற்றுத் தருகிறது என்ற கேள்வி, அது என்ன வேலை வாங்கித் தரும் என்ற கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

மனிதர்கள் கூடி வாழும் முறையை, அதாவது அவர்களின் குடும்பம், சாதி, தொழில், சந்தை, ஆட்சி, வழிபாடு, மொழி ஆகியவற்றைச் சான்றுகளின் துணையோடு ஆராயும் துறைகளின் தொகுப்பே சமூக அறிவியல். சமூகத்தைப் பற்றிய கருத்துக்கு எந்தத் தெருவிலும் பஞ்சமில்லை. அக்கருத்து சரியா என்று சோதிக்கும் முறையைப் பழக்குவதுதான் இப்படிப்பின் உயிர்நாடி. அந்த முறையை விளக்குவதற்குத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இராது. ஏனெனில், முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றாக நாடறிந்த இவ்வூர் எந்த மாநிலத்தைச் சேர வேண்டும் என்பதே ஒரு காலத்தில் சமூக அறிவியல் கேள்வியாக எழுந்து, மக்களை எவ்வாறு எண்ணுவது என்பதைப் பொறுத்துத் தீர்ந்தது.

எல்லையை வகுத்த எண்ணிக்கை

சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவில், திருப்பதிக்குச் செல்லும் சாலையிலும் அரக்கோணம் – ரேணிகுண்டா இருப்புப்பாதையிலும் அமைந்துள்ள திருத்தணி, சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்து, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அம்மாநிலத்துக்குச் செல்லவே, தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னெடுத்தது. மங்கலங்கிழார் போன்ற ஆசிரியர்கள் இப்பகுதி இளைஞர்களுக்குத் தமிழ் கற்பித்து இதற்கு முன்பே அடித்தளம் இட்டிருந்தனர், கே. விநாயகம் உள்ளிட்ட உள்ளூர்த் தலைவர்கள் களத்தில் நின்றனர். இரு மாநிலங்களுக்கும் இடையே நடுவராக இருந்த எச்.வி. படாஸ்கரின் முடிவுகளின் அடிப்படையில் நாடாளுமன்றம் 1959இல் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்ற, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தை அடைந்தன. சத்தியவேட்டைச் சுற்றியுள்ள பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இணைக்கப்பட்ட திருத்தணி, 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டது முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

படாஸ்கர் கையாண்ட நெறி மூன்று கூறுகளைக் கொண்டது: கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், அக்கிராமத்தில் எம்மொழியினர் பெரும்பான்மையினர் என்று பார்த்தல், அம்மொழி மாநிலத்தோடு அது நிலத்தொடர்பு உடையதா என்று பார்த்தல். அலகு என்பது எண்ணுவதற்காகத் தேர்ந்துகொள்ளப்படும் அளவுப் பிரிவு. அது மாறினால் விடை எவ்வாறு மாறும் என்பதை ஒரு கற்பனை வட்டத்தைக் கொண்டு பார்க்கலாம். அவ்வட்டத்தில் மூன்று கிராமங்கள் இருப்பதாகவும், முதல் கிராமத்தின் 1,000 பேரில் 900 பேர் தெலுங்கர், 100 பேர் தமிழர் எனவும், மற்ற இரு கிராமங்களிலும் தலா 400 பேரில் 300 பேர் தமிழர், 100 பேர் தெலுங்கர் எனவும் கொள்வோம். வட்டத்தை ஒரே அலகாக எண்ணினால் தெலுங்கர் 1,100 பேர், தமிழர் 700 பேர் என்றாகி, முழு வட்டமும் ஆந்திரத்துக்கு உரியதாகிவிடும். கிராமத்தை அலகாக எண்ணினால் மூன்றில் இரண்டு கிராமங்கள் தமிழகத்துக்கு உரியவையாகும். ஆட்களும் மாறவில்லை, அவர்கள் பேசும் மொழியும் மாறவில்லை. எண்ணுகிறவர் எங்கே கோடு போட்டார் என்பது மட்டுமே மாறியது.

அலகு முடிவான பின்னும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அப்போது கைவசம் இருந்த அண்மைக் கணக்கெடுப்பு 1951இல் எடுக்கப்பட்டது. தாய்மொழி எது என்று கணக்கெடுப்பாளர் கேட்கும்போது, வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசுகின்ற, பெண்ணை நகரியில் கட்டிக்கொடுத்து, பிள்ளைக்கு அரக்கோணத்தில் பெண்ணெடுத்திருக்கின்ற எல்லைப்புறக் குடும்பம் எந்த விடையைத் தரும், அவ்விடை அமைதியான காலத்திலும் கிளர்ச்சிக் காலத்திலும் ஒன்றாகவே இருக்குமா, கேட்பவர் எம்மொழிக்காரர் என்பதைப் பொறுத்து அது மாறாதா என்பன போன்ற ஐயங்களைச் சமூக அறிவியலாளர் புறந்தள்ள முடியாது. எண் என்பது உண்மையின் நேரடிப் படம் என்று கொள்ளாமல், ஒருவர் கேட்க, மற்றொருவர் சொல்ல, மூன்றாமவர் வகைப்படுத்தியதன் விளைவு என்று காணும் பழக்கமே இப்படிப்பின் முதல் பாடம். பெலகாவி எந்த மாநிலத்துக்கு உரியது என்பது தொடர்பாக மகாராட்டிரமும் கர்நாடகமும் இன்றளவும் நடத்திவரும் வழக்கில், கிராமமே அலகாக வேண்டும் என்று மகாராட்டிரம் வாதிடுகையில் படாஸ்கர் நெறியைச் சுட்டிக்காட்டுவது, திருத்தணியின் எல்லையில் கையாளப்பட்ட முறை அதன் எல்லையைத் தாண்டியும் பேசப்படுவதைக் காட்டுகிறது.

ஒரே நிகழ்வு, பல கேள்விகள்

சமூக அறிவியலின் உட்பிரிவுகள் தனித்தனிப் பொருள்களை ஆள்வதைவிட, ஒரே பொருளை நோக்கித் தனித்தனிக் கேள்விகளை எழுப்புவதாலேயே வேறுபடுகின்றன. 1960ஆம் ஆண்டின் எல்லை மாற்றத்தை எடுத்துக்கொண்டால், அது எப்படி, யாரால், எந்த வரிசையில் நிகழ்ந்தது என்றும், அதைச் சொல்லும் ஆவணங்களை எவ்வளவு நம்பலாம் என்றும் வரலாறு கேட்கும்.

அரசியல் அறிவியல் அதிகாரத்தின் வழியைப் பின்தொடரும். அரசியலமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது; அதற்கான மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை இன்றிக் கொண்டுவர இயலாது; தொடர்புடைய மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அக்கருத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. எல்லை எங்கே போடப்பட்டாலும் அதன் இருபுறமும் மொழிச் சிறுபான்மையினர் இருந்தே தீர்வர் என்பதால், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு வகை செய்யும் 350ஏ பிரிவும், தமிழை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமும் இங்குள்ள தெலுங்குக் குடும்பங்களின் வீட்டுப் பேச்சிலேயே இடம்பெறும் செய்திகள்.

பொருளியல் வேறொரு வாய்ப்பைக் காணும். எல்லைக்கு இப்பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களிலும் அப்பக்கம் நகரி, புத்தூர் ஆகிய ஊர்களிலும் தறித்தொழில் நடக்கிறது. தொழிலும் தொழிலாளரின் பழக்கவழக்கங்களும் பெரிதும் ஒத்திருக்க, மின்கட்டணமும் நலத்திட்டங்களும் அரசின் கொள்முதலும் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டில் விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுவதும், பொங்கலுக்கான வேட்டி சேலைத் திட்டம் தறிகளுக்கு வேலை தருவதும் கூலியை எவ்வளவு உயர்த்துகின்றன என்று அறிய விரும்புபவர், ஏனையவை ஒத்திருக்கும் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆய்வாளர் தாமே ஏற்படுத்தாமல், வரலாறோ சட்டமோ இயல்பாக அமைத்துத் தந்த இத்தகைய ஒப்பீட்டை இயற்கைச் சோதனை என்பர்.

சமூகவியல் குழுக்களையும் உறவுகளையும் நோக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவோரில் தமிழகத்தாரும் ஆந்திரத்தாரும் கலந்திருக்க, எவர் எந்த ஊர்க்குழுவோடு வருகிறார், எந்தச் சாதியாரின் மண்டபத்தில் தங்குகிறார், வழியில் யார் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார், காவடியின் செலவை வீட்டில் யார் ஏற்கிறார் என்று கேட்டால், மாநில எல்லை பிரித்ததையும் வழிபாடு சேர்த்ததையும் ஒருங்கே காண முடியும்.

செப்பேடும் சான்றும்

வரலாற்று மாணவர் முதலாண்டிலேயே கற்கும் வேறுபாடு முதன்மைச் சான்றுக்கும் துணைமைச் சான்றுக்கும் இடையிலானது. நிகழ்வுக் காலத்திலேயே உருவான கல்வெட்டு, செப்பேடு, கடிதம், அரசாணை போன்றவை முதன்மைச் சான்றுகள். அவற்றை ஆராய்ந்து பிற்காலத்தார் எழுதிய நூல்கள் துணைமைச் சான்றுகள். திருத்தணியில் இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் மட்டும் விளக்க வேண்டியதில்லை. பல்லவ அரசன் அபராசிதன் காலத்தைச் சேர்ந்த வீரட்டானேசுவரர் கோயில் ஊரிலேயே உள்ளது. அருகிலுள்ள வேளஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகளில் ஒரு தொகுதி அதே அபராசிதனுடையது, மற்றொன்று முதலாம் பராந்தகச் சோழனுடையது. பல்லவர் ஆட்சி முடிந்து சோழர் கை ஓங்கிய காலம் ஒரே சிற்றூரின் இரு செப்பேட்டுத் தொகுதிகளில் பதிந்திருக்கிறது.

ஆயினும் செப்பேடு சொல்வதெல்லாம் வரலாறு ஆகிவிடாது. அரச பரம்பரையைப் புகழும் பகுதியும், கொடையின் எல்லைகளையும் நிபந்தனைகளையும் வரையறுக்கும் பகுதியும் ஒரே செப்பேட்டில் இருந்தாலும், முன்னது அரசன் தன்னை எவ்வாறு காட்ட விரும்பினான் என்பதற்கும், பின்னது நிலமும் நீரும் வரியும் அன்று எவ்வாறு இருந்தன என்பதற்கும் சான்றாகும். எந்தப் பகுதியிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்த மாணவர், நாளை ஒரு கட்சியின் அறிக்கையையோ ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையையோ படிக்கும்போதும் அதே கண்ணோடு படிப்பார்.

பூக்காரரிடம் வருமானம் கேட்பது எப்படி

பொருளியலிலும் சமூகவியலிலும் சான்று பெரும்பாலும் மனிதரிடமிருந்தே பெறப்படுவதால், கேட்கும் முறை ஒரு தனிக் கலையாகிறது. முருகன் கோயில் மலையடிவாரத்தில் பூக்கட்டி விற்கும் அம்மாவிடம் வினாப்படிவத்தோடு சென்ற மாணவி, “மாசம் எவ்வளவும்மா வருமானம் வரும்?” என்று கேட்டால், “ஏதோ ஓடுதும்மா” என்ற விடைதான் கிடைக்கும், அது மறைப்பதற்காகச் சொல்லப்படுவதும் இல்லை. மாதச் சம்பளம் என்ற ஒழுங்கு அவருடைய தொழிலில் இல்லை. காலையில் வாங்கிய பூவின் விலை, மாலைக்குள் விற்ற முழம், வாடி வீணானது, தண்டல்காரருக்குக் கட்டியது என்று அவருடைய கணக்கு அன்றாடத்தில் ஓடுகிறது. “நேத்து எத்தனை முழம் வித்துச்சு? பூ எவ்வளவுக்கு வாங்கினீங்க? தண்டலுக்கு எவ்வளவு போச்சு?” என்று அவருடைய கணக்கின் வழியிலேயே கேட்கும் மாணவிக்குச் சற்றேறக்குறைய சரியான விடை கிடைக்கும். வெறும் விற்பனையை வருமானம் என்று எழுதிவிடாமல், முதலையும் வட்டியையும் கழித்துக் காண வேண்டும் என்பதும் அப்போது தானே விளங்கும்.

எவரைக் கேட்பது, எந்த நாளில் கேட்பது என்பவை அடுத்த இரு சிக்கல்கள். எல்லாரையும் கேட்பது முழுக் கணக்கெடுப்பு. சிலரை மட்டும் தேர்ந்து, அவர்களைக் கொண்டு எல்லாரையும் பற்றி முடிவுக்கு வருவது மாதிரிக் கணக்கெடுப்பு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை சீராகக் கிளறப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும். ஆடிக் கிருத்திகை அன்றோ, மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் பூசை நடக்கும் டிசம்பர் 31ஆம் நாள் படித் திருவிழா அன்றோ பூக்கடைகளை எண்ணிவிட்டு, திருத்தணிப் பூ வணிகர் செழிப்பாக உள்ளனர் என்று எழுதினால், ஆண்டில் சில நாள்களின் நிலையை ஆண்டு முழுவதற்கும் ஏற்றியதாகிவிடும். சாதாரணப் புதன்கிழமை, செவ்வாய்க்கிழமை, மாதக் கிருத்திகை, பெருவிழா நாள் எனப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் சில நாள்களைத் தேர்ந்து கேட்பதற்கு அடுக்கு மாதிரி முறை என்று பெயர். புள்ளியியல் தாளில் சூத்திரமாக மனப்பாடம் செய்யப்படும் இக்கருத்து, அடிவாரத்தில் ஒரு மாதம் கேட்டுப் பார்த்தவருக்கு மறப்பதே இல்லை.

தம் சொந்த ஊரை ஆராய்ந்த மாணவர்கள்

மாணவர்களைக் கொண்டு ஊர்களை ஆராயும் மரபு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் துறையின் முதல் பேராசிரியராக 1915இல் வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இந்தியாவின் பொருளாதாரத்தை இங்கிலாந்துப் பாடநூல்களைக் கொண்டு விளங்கிக்கொள்ள இயலாது என்று கண்டு, மாணவர்களிடம் வினாப்பட்டியல் தந்து அவர்களுக்கு அறிமுகமான கிராமங்களை ஆராயச் செய்தார். நிலம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது, குத்தகை எவ்வளவு, கடன் யாரிடம், கூலி நெல்லாகவா பணமாகவா என்பன போன்ற செய்திகள் திரட்டப்பட்டு, தென்னிந்தியக் கிராமங்கள் சில பற்றிய நூலாக 1918இல் வெளியாயின. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், வட ஆர்க்காட்டின் தூசி முதலியவை அதில் இடம்பெற்றன. 1911 வரை திருத்தணி இருந்த மாவட்டத்தின் ஊர்தான் தூசி.

ஸ்லேட்டரின் பணி அந்நூலோடு முடியவில்லை என்பதே அதன் சிறப்பு. 1936-37இல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் தலைமையில் அதே கிராமங்கள் மீண்டும் ஆராயப்பட்டன. பிற்காலத்திலும் இருவேல்பட்டு உள்ளிட்ட ஊர்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்றனர். ஓர் ஊரை ஒருமுறை ஆராய்ந்தால் அதன் நிலை தெரியும். கால இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் ஆராய்ந்தால் அதன் போக்கு தெரியும். நிலம் கைமாறியது, கூலி உயர்ந்தது, பண்ணையாட்கள் நகரத்துக்குப் போனார்கள் என்று இன்று உறுதியோடு எழுதப்படும் பலவற்றுக்கு, நூறாண்டுக்கு முன் மாணவர்கள் எழுதிவைத்த அந்தக் குறிப்புகளே ஒப்பீட்டுக்கான அடித்தளம்.

மூன்றாண்டு, ஆறு பருவம்

இத்தகைய பயிற்சி எந்தக் கட்டமைப்புக்குள் நடக்க வேண்டும் என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. திருத்தணியின் அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி உள்ளிட்ட, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற கல்லூரிகளில் இளங்கலைப் படிப்பு மூன்றாண்டு, ஆறு பருவங்கள் கொண்டது. பகுதி ஒன்றில் தமிழோ வேறு மொழியோ, பகுதி இரண்டில் ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் அதற்குத் துணையான சார்புப் பாடமும், பகுதி நான்கில் திறன் வளர்ப்பு, சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, பகுதி ஐந்தில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி என்று பாடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளிலும் 25 மதிப்பெண் இன்டர்னல் என்று வழங்கும் அகமதிப்பீட்டுக்கும், 75 மதிப்பெண் பருவத் தேர்வுக்கும் உரியவை. வரலாற்று மாணவருக்குப் பொருளியலோ அரசியல் அறிவியலோ சார்புப் பாடமாக அமைவதால், ஒரு துறையில் மட்டும் அடைபட்டுவிடாத வாய்ப்பு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

நடைமுறையில் இக்கட்டமைப்பு பல இடங்களில் பலனிழக்கிறது. கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தொகுத்த கைடும், சீனியரிடமிருந்து ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸும் பருவத் தேர்வுக்குப் போதும் என்ற நிலை ஏற்பட்டபின், மூலநூலைத் திறக்காமலேயே ஒருவர் பட்டம் பெற முடிகிறது. அசைன்மென்ட் என்பது புத்தகத்தைப் பார்த்து எழுதும் பத்துப் பக்கமாகவும், புராஜெக்ட் என்பது கடையில் அச்சிட்டு பைண்டு செய்து வாங்கும் பொருளாகவும் சுருங்கிவிடுகின்றன. நிரந்தர ஆசிரியர்கள் குறைந்து, குறைந்த ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் வகுப்புகள் ஏறும்போது, மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று களப்பணி செய்விக்க நேரமும் தெம்பும் எஞ்சுவதில்லை. காலையில் கல்லூரி முடிந்ததும் பகுதி நேர வேலைக்கு ஓடும் மாணவரைக் குறை சொல்வதும் எளிதன்று.

பயிற்றுமொழி இதனோடு பிணைந்த சிக்கல். 1960களின் தொடக்கத்தில் கோவை அரசு கலைக் கல்லூரியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய தமிழ்வழிப் பட்டப்படிப்பு பின்னர் எங்கும் பரவி, முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு வலுச்சேர்த்தது. எனினும் புதிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருவதால், தமிழில் சிந்தித்து எழுதவும், ஆங்கிலத்தில் உள்ளதைப் படித்துப் பொருள் கொள்ளவும் மாணவர் ஒருசேரப் பழக வேண்டியுள்ளது. வீட்டில் ஒன்று, கடைவீதியில் ஒன்று என இரு மொழிகளுக்கு இடையே அன்றாடம் போய்வரும் எல்லைப்புற மாணவர்களுக்கு இத்திறன் மற்றவர்களைவிட எளிதில் கைவரக்கூடும்.

தற்செயலும் தேர்வும்

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தற்செயலுக்கு உள்ள பங்கைத் திருத்தணிக்காரர் ஒருவரின் வாழ்க்கையே காட்டுகிறது. 1888 செப்டம்பர் 5 அன்று இவ்வூரில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவ நூல்களைக் கொடுத்ததால், வசதி குறைந்த குடும்பத்தைச் சேர்ந்த அவர் செலவின்றிப் படிக்கக்கூடிய தத்துவத்தைத் தேர்ந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவ்வாறு அமைந்த பாடத்தில் உலகறிந்த அறிஞரான அவர் தலைமையில் 1948-49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, எல்லா மாணவருக்கும் பொதுக்கல்வி, கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. விருப்பமின்றிக் கிடைத்த பாடமே ஆயினும் அதனோடு மூன்றாண்டு மனமொன்றிப் பழகினால் அது தன்னுடையதாகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

செலவைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதோடு, அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் முதலும் நடைமுறையில் உள்ளன. வேலையைப் பொறுத்தவரை, பட்டம் தகுதியாகக் கேட்கப்படும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளிலும் குடிமைப் பணித் தேர்விலும் வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் ஆகியவை பெரும்பங்கு வகிக்கின்றன. வரலாறோ புவியியலோ படித்துப் பி.எட். முடித்தவர்கள் சமூக அறிவியல் ஆசிரியராகலாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, சமூகப்பணி முதுகலை, இதழியல் ஆகியவற்றுக்கும் வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல், தொல்லியல், குற்றவியல் போன்ற துறைகளில் முதுகலை தொடரலாம். ஆனால் போட்டித் தேர்வுக்கான தகவல்களை மட்டும் நோக்கமாகக் கொள்பவருக்கு அவற்றைக் கோச்சிங் சென்டர் சில மாதங்களில் தந்துவிடும். அதற்கு மூன்றாண்டு தேவையில்லை. அதற்கு அப்பால் கல்லூரி தர வேண்டியது, தகவல் எங்கிருந்து வந்தது என்று ஆராயும் பழக்கம்.

திருத்தணி போன்ற ஊரின் கல்லூரிக்கு அதைத் தருவதற்கான கருவிகள் ஏற்கெனவே கைவசம் உள்ளன. பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, திருவாலங்காடு சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் நாள்தோறும் வந்து போகும் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஊரின் உள்விவரம் அறிந்தவர்கள். தறிக்கூலி, நிலக்குத்தகை, ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குச் செல்வோர், வீட்டில் பேசும் மொழி, கல்யாணம் செய்யும் எல்லை ஆகிய ஐந்து பொருள்கள் பற்றி ஒரே வினாப்பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு வகுப்பினர் தத்தம் ஊரில் இருபது வீடுகளில் கேட்டு எழுதி, பெயர்களை மறைத்து, நூலகத்தில் வரிசையாக வைத்துவந்தால், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கும் ஒரு பொருள் கிடைக்கும். கடையில் வாங்கிய புராஜெக்ட்டுக்கு இடமும் இராது. இதற்குத் தனி நிதியோ ஆணையோ வேண்டியதில்லை. ஒரு துறையின் இரண்டு ஆசிரியர்கள் உடன்பட்டால் வரும் பருவத்திலேயே தொடங்கலாம். பத்தாண்டு கழித்து அந்த அலமாரியில் இருப்பது, எல்லைப்புறத்தின் ஒரு பகுதி எவ்வாறு மாறியது என்பதைப் பற்றி எந்தப் பெருநகரப் பல்கலைக்கழகத்திடமும் இல்லாத சான்றுத் தொகுப்பாக இருக்கும். அதை உருவாக்கியவர்களோ, பி.ஏ.தானே என்று ஒதுக்கப்பட்ட மாணவர்களாக இருப்பார்கள்.